ஆளுமை அளவைகளும் எல்லைத் தமிழும்: ஒரு மொழியியல் வரலாறு

0. முன்னுரை

ஒருவரின் குணநலனை அளந்தறிய முற்படும் கருவி எதுவாயினும் அது முதற்கண் ஒரு மொழிப் பனுவலே ஆகும். வெப்பமானியில் பாதரசம் செய்யும் பணியை ஆளுமை அளவையில் சொற்கள் செய்கின்றன. 'நான் எளிதில் மனம் தளர்ந்துவிடுவேன்' என்பது போன்ற ஒரு கூற்றைப் படித்து 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ குறியிடும் ஒருவர் தம்மைப் பற்றி மட்டும் கூறவில்லை. அக்கூற்றைத் தாம் எவ்வாறு பொருள்கொண்டார் என்பதையும் சேர்த்தே கூறுகிறார். இவ்விரண்டையும் பிரித்தறியாத மதிப்பீடு, மொழியின் இயல்பை மனிதரின் இயல்பாகக் கணக்கிட்டுவிடும்.

உளவளத்துணை, உளச்சிகிச்சை, பணியாளர் மேம்பாடு ஆகிய மூன்று துறைகளிலும் ஆளுமை அளவைகள் பயன்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் தோன்றி, மொழிபெயர்ப்பின் வழியாகவே இந்திய மொழிகளுக்கு வந்தவை. அம்மொழிபெயர்ப்பின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதன் விளைவுகளைக் கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வழங்கும் தமிழை வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இரு மொழிகள் ஒரே ஒலியில் வெவ்வேறு பொருளை வழங்கும் இப்பகுதியில், பிற இடங்களில் மறைந்து கிடக்கும் மொழிபெயர்ப்புச் சிக்கல்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன.

1. அகராதியிலிருந்து அளவைக்கு

ஆளைத் தேர்ந்து தெளியும் முறை பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதல், அரசன் தன் பணிக்கு உரியவரை எவ்வாறு ஆராய்ந்து கொள்வது என்பதையே பேசுகிறது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினால் ஒருவரைச் சோதிக்கும் முறை அங்குச் சுட்டப்படுகிறது. கௌடலீயமும் அமைச்சரைச் சோதிக்க இதையொத்த நால்வகை முறையைக் கூறும். இம்முறைகளில் ஆளின் செயலே சான்று. அவர் தம்மைப் பற்றிக் கூறும் சொல் சான்றாவதில்லை.

நவீன ஆளுமை அளவை இதற்கு மாறான அடிப்படையில் எழுந்தது. 1884இல் பிரான்சிஸ் கால்டன், மனிதரின் குண வேறுபாடுகள் மொழியின் சொற்களில் பதிவாகியிருக்கும் என்னும் கருத்தோடு ஆங்கிலச் சொற்களஞ்சியம் ஒன்றை ஆராய்ந்து, குணங்குறித்த சொற்கள் ஏறத்தாழ ஆயிரம் இருக்கும் என மதிப்பிட்டார். 1936இல் ஆல்போர்ட்டும் ஆட்பெர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து 17,953 சொற்களைத் தொகுத்தனர். ரேமண்ட் கேட்டல் இத்தொகுப்பைச் சுருக்கிப் புள்ளியியல் முறையில் காரணிகளாக வகுத்ததன் விளைவே 1949இல் வெளியான பதினாறு காரணி வினாநிரல். இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள ஐங்காரணிக் கோட்பாடும் இதே மரபில் வந்ததாகும். அளவையியலின் இப்பெருங்கிளை, ஓர் அகராதியைக் காரணிகளாகப் பகுத்ததில் பிறந்தது என்பது மொழியியலார்க்கு நினைவிருக்க வேண்டும்.

மற்றொரு கிளை மருத்துவத் தேவையில் முளைத்தது. முதல் உலகப்போரின்போது, போர் அதிர்ச்சிக்கு ஆளாகக்கூடிய வீரரை முன்கூட்டியே கண்டறியும் பொருட்டு உட்வொர்த் வகுத்த வினாநிரலில் 116 வினாக்கள் இருந்தன. அம்மரபில் 1943இல் மின்னசோட்டாப் பன்முக ஆளுமை வினாநிரல் வந்தது. நேர்வினா தவிர்த்துப் படத்தையோ மைக்கறையையோ காட்டிக் கதையும் கருத்தும் கேட்கும் புறத்தேற்ற முறைகள் மூன்றாவது கிளையாகும். 1921இல் ரோர்சாக் மைக்கறைச் சோதனையும், 1935இல் மார்கனும் மர்ரேயும் உருவாக்கிய கருப்பொருள் அறிதல் சோதனையும் இவ்வகையின. படம் மொழிக்கு அப்பாற்பட்டது எனத் தோன்றினாலும், அதற்குக் கிடைக்கும் விடை மொழியிலேயே அமைகிறது.

2. இந்திய மொழிகளுக்கு வந்த வரலாறு

இந்தியாவில் உளவியல் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தனித்துறையாயிற்று. மைசூரில் 1924இலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இலும் துறைகள் தோன்றின. மொழிபெயர்ப்பு முயற்சிகள் அறிதிறன் அளவைகளில் தொடங்கின. லாகூரில் ரைஸ் என்பார் 1922இல் பினே அளவையை இந்துஸ்தானியில் தழுவியமைத்தார். காமத் மராத்தியிலும் கன்னடத்திலும் அதே அளவையைச் செம்மைசெய்து 1940இல் நூலாக வெளியிட்டார். இவ்விருவரும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விட்டு, இந்தியக் குழந்தைக்குப் பழக்கமான பொருள்களையும் சூழல்களையும் கொண்டு வினாக்களை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. இதுவே பின்வந்த தழுவல்களுக்கு முன்மாதிரி.

ஆளுமை அளவை இந்தியாவில் பெருமளவிற் கையாளப்பட்ட முதற்களம் பணித்தேர்வு எனலாம். இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியப் போர் அலுவலகத் தேர்வு முறையைப் பின்பற்றி, 1943இல் டேராடூனில் படை அதிகாரிகளுக்கான தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. அம்மரபில் வளர்ந்த தேர்வில் 60 சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 15 நொடிக்குள் மனத்தில் தோன்றும் கருத்தை எழுத வேண்டும். மொழியில் தயங்காதவர் அந்நொடிகளில் தம் மனத்தை எழுதுவார். தயங்குபவர் தமக்குத் தெரிந்த சொல்லை எழுதுவார். இரண்டும் ஒரே தாளில் ஒரே வகைச் சான்றாகவே நிற்கும்.

விடுதலைக்குப் பின் மருத்துவத் துறையில் தழுவல்கள் பெருகின. கருப்பொருள் அறிதல் சோதனைக்கு உமா சௌதுரி 1960இல் இந்தியத் தழுவலை வெளியிட்டார்; படங்களில் உள்ளவர்களின் உடையும் வீடும் இந்தியச் சூழலுக்கு மாறின. பெங்களூரில் 1954இல் தொடங்கி, பின் 1974இல் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமாக (நிம்ஹான்ஸ்) வளர்ந்த அனைத்திந்திய மனநல நிறுவனத்தில், எச்.என். மூர்த்தி 1965இல் பன்முக ஆளுமை வினாநிரல் ஒன்றை வகுத்தார். கேரளப் பல்கலைக்கழகத்தில் வி. ஜார்ஜ் மாத்யூ, தமஸ், ரஜஸ், சத்துவம் என்னும் முக்குணக் கருத்தைத் தழுவி மடிமை, கிளர்ச்சி, நிலைபேறு ஆகிய மூன்றையும் அளக்கும் தரமதிப்பீட்டு அளவையை அமைத்தார். இந்தி மொழியின் குணச்சொற்களை ஆராய்ந்து சிங், மிஸ்ரா, டி ராட் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்விலும் முக்குணப் பாகுபாட்டோடு ஒத்த அமைப்பே மேலெழுந்தது. ஆங்கிலச் சொற்களைப் பகுத்தபோது ஐந்து கிடைத்தது. இந்திச் சொற்களைப் பகுத்தபோது மூன்று கிடைத்தது. அளக்கும் மொழி மாறினால் அளக்கப்படும் பொருளின் வடிவும் மாறித் தோன்றக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

3. தமிழில் இரு முன்மாதிரிகள்

தமிழ் இடம்பெற்ற பன்னாட்டு முயற்சிகளுள் இரண்டு இங்கு நோக்கத்தக்கவை.

முதலாவது, உலக சுகாதார நிறுவனம் மேற்கொண்ட பன்னாட்டு ஆளுமைக் கோளாறு ஆய்வு நேர்காணல். 11 நாடுகளில் 14 மையங்களில் 716 நோயாளரிடம் நடத்தப்பட்ட கள ஆய்வின் முடிவுகள் 1994இல் வெளியாயின. இந்திய மையமாகிய பெங்களூரின் வழி இந்தி, கன்னடம், தமிழ் ஆகியவற்றில் இந்நேர்காணல் அமைந்தது. தொழில், தன்னிலை, பிறரோடு உறவு, உணர்ச்சி, மெய்ம்மை உணர்வு, உந்துதலைக் கட்டுப்படுத்தல் என ஆறு தலைப்புகளில் வினாக்கள் தொகுக்கப்பட்டன. ஒரு பண்பு ஐந்தாண்டுகளாவது நீடித்திருந்தால்தான் கணக்கிடப்படும்; விடைக்கு 0, 1, 2 என மதிப்பெண் இடப்படும். நேர்காணுபவர் எடுத்துக்காட்டுக் கேட்டுத் தெளிவுபெறும் வாய்ப்பு இம்முறையில் உண்டு. மொழிபெயர்ப்பில் நேரும் பிழையைப் பேச்சில் திருத்திக்கொள்ள இடமளிப்பதால், அச்சிட்ட வினாநிரலைவிட இது பாதுகாப்பானது.

இரண்டாவது, அதே நிறுவனத்தின் வாழ்க்கைத்தர அளவை. இஃது ஆளுமை அளவை அன்று. ஆயினும் இதன் மொழி நெறி ஆளுமை அளவைகளுக்கும் வழிகாட்டும். சென்னை உள்ளிட்ட 15 மையங்களில் இவ்வளவை ஒரே காலத்தில் உருவாயிற்று. ஒரு மொழியில் எழுதி முடித்துப் பிறமொழிகளுக்குப் பெயர்ப்பதற்கு மாறாக, கருத்தை முதலில் வரையறுத்து, ஒவ்வொரு மொழியிலும் வினாக்களைத் திரட்டினர். விடைப்படிகளுக்கு அவர்கள் வகுத்த முறை மொழியியலாரின் கவனத்துக்கு உரியது. 'ஒருபோதும் இல்லை', 'எப்போதும்' என்னும் இரு முனைகளை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட அளவுச் சொற்கள் பலவற்றைத் திரட்டி, பொதுமக்களிடம் கொடுத்து, 10 சென்டிமீட்டர் கோட்டில் ஒவ்வொரு சொல்லும் எங்கு நிற்கும் எனக் குறிக்கச் செய்தனர். 25, 50, 75 விழுக்காட்டுக்கு மிக அருகில் நின்ற சொற்களே விடைப்படிகளாக ஏற்கப்பட்டன. 'அடிக்கடி', 'பலமுறை', 'அவ்வப்போது', 'சிலசமயம்', 'எப்போதாவது' ஆகியவற்றின் இடைவெளிகளை அகராதி தராது. வழக்கே தரும் என்பதை ஏற்றுக்கொண்ட முறை இது.

இவற்றோடு ஒப்பிடுகையில், 1970இல் பிரிஸ்லின் விளக்கி, பின் எங்கும் வழக்காகிவிட்ட மீள்மொழிபெயர்ப்பு முறையின் எல்லை விளங்கும். தமிழில் பெயர்த்ததை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்க, மூலத்தோடு ஒத்திருந்தால் தமிழ் சரியென்று கொள்வர். ஆனால் இருவரும் ஆங்கிலம் கற்றவர்கள். ஆங்கில வாக்கியத்தின் நிழல் படிந்த தமிழே மீண்டும் ஆங்கிலமாக எளிதில் திரும்பும். இயல்பான தமிழ் அவ்வாறு திரும்பாது. ஆகவே இச்சோதனை நல்ல தமிழைத் தள்ளி, செயற்கைத் தமிழைத் தேர்ந்துவிடக்கூடும். பன்னாட்டுச் சோதனை ஆணையம் 1992 முதல் உருவாக்கி, 2017இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்ட நெறிகள் மீள்மொழிபெயர்ப்பை மட்டும் சான்றாகக் கொள்வதை ஏற்பதில்லை. பயனரிடம் சோதித்துப் பார்ப்பதையும் வலியுறுத்துகின்றன.

4. எல்லைப் பகுதியும் அதன் மொழிநிலையும்

பாலக்காட்டின் சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களும் வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தவை. சித்தூர் கொச்சி நாட்டிலும், அட்டப்பாடி சென்னை மாகாணத்து மலபாரிலும், இடுக்கி மலைப்பகுதிகள் திருவிதாங்கூரிலும் அடங்கியிருந்தன. 1877இல் பூஞ்ஞாறு அரசகுலத்தினர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலைகளை உரிமையளித்ததைத் தொடர்ந்து தோட்டங்கள் தோன்றின. தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே தொழிலாளர் வந்தனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்னும் கோரிக்கை ஏற்கப்படாமல் அவை கேரளத்தில் நின்றன. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி தனி மாவட்டமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் சுமார் 5 இலட்சம் பேர்.

சட்டம் இம்மக்களின் மொழியை மறக்கவில்லை. அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு, குறைதீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் மறுமொழி பெறவும் வழிவகுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய முடிவெடுக்கத் தேவையான செய்தியை அந்த ஆளுக்கு விளங்கும் எளிய மொழியில் தர வேண்டும் என்கிறது. விண்ணப்பத்தின் மொழியும் சிகிச்சைச் செய்தியின் மொழியும் இவ்வாறு கருதப்பட்டன. மனத்தை அளக்கும் வினாவின் மொழியும் அதே கவனத்துக்கு உரியதே.

இத்தேவை ஏட்டளவினதன்று. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இடுக்கியின் இராஜமலைப் பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவில் 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்ட லயங்களில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். அத்தகைய இழப்புக்குப் பின் உயிரோடிருப்பவரிடம் 'உங்களுக்கு எப்படி இருக்கிறது' எனக் கேட்கும் வினா எந்தச் சொல்லில் அமைகிறது என்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

5. ஒரே ஒலி, இரு பொருள்

மலையாளத்தில் அமைந்த அளவையை எல்லைத் தமிழரிடம் பயன்படுத்துவதும், தமிழகத்தில் அமைந்த அளவையை அவர்களிடம் பயன்படுத்துவதும் என இரு வழிகள் உள்ளன. இரண்டிலும் இடர் உண்டு. மனநிலையைக் குறிக்கும் வடமொழிச் சொற்கள் பல இரு மொழிகளிலும் ஒரே ஒலியுடன் வழங்கிப் பொருளில் வேறுபடுகின்றன.

'விஷமம்' மலையாளத்தில் துன்பம், மனவருத்தம். தமிழில் குறும்பு, தீய எண்ணம். 'எனக்கு விஷமம் உண்டு' என்று மலையாள வழக்கில் கூறும் சிறுமி தன் வருத்தத்தைக் கூறுகிறாள்; தமிழகத்துத் தமிழில் அது குறும்பை ஒப்புக்கொண்டதாகும். 'விகாரம்' மலையாளத்தில் உணர்ச்சி. தமிழில் உருக்கேடு, அருவருப்பான மாற்றம். 'அவசரம்' மலையாளத்தில் வாய்ப்பு. தமிழில் விரைவு, பதற்றம். வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் முனைப்பை அளக்கும் கூற்று, பொறுமையின்மையை அளக்கும் கூற்றாக மாறிவிடும். 'பேடி' மலையாளத்தில் அச்சம். தமிழில் அது ஆளை இழிக்கும் சொல். 'அபிமானம்' மலையாளத்தில் பெருமிதம். தமிழில் பற்று, விருப்பம். தன்மதிப்பை அளக்கும் உருப்படி இங்குத் தடம்மாறும். 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு. தமிழில் மனைவி, இல்வாழ்க்கை. பிறரோடு கலந்து பேசும் இயல்பை, அதாவது புறமுகத் தன்மையை, அளக்க வந்த வினா இல்லறத்தைப் பற்றிய வினாவாகக் கேட்கக்கூடும். மலையாளத் 'தேஷ்யம்' வெறும் கோபம். அதே மூலத்தினின்று வந்த தமிழ்த் 'துவேஷம்' நீடித்த பகை. ஒன்று கணத்தில் தோன்றி மறைவது. மற்றொன்று குணமாக நிலைப்பது. ஆளுமைக் கோளாற்றை ஆராயும் கருவிக்கு இவ்வேறுபாடே உயிர்நாடி.

இருமொழியாளர் இவ்வேறுபாடுகளை அறியாதவர் அல்லர். ஆனால் அவர் எந்த மொழியின் பொருளில் ஒரு சொல்லைக் கேட்கிறார் என்பதைப் பேசுபவர், இடம், முந்தைய வாக்கியம் ஆகியவை முடிவுசெய்கின்றன. வினாத்தாளில் தனித்து நிற்கும் கூற்றுக்கு இத்துணைகள் எவையும் இல்லை. இதே சொற்கள் பேச்சில் இடர் தருவதில்லை. வினாநிரலில் இடர் தருகின்றன. காரணம் சூழலின்மையே.

விளிக்கும் முறையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. தமிழ் 'நீங்கள்' மரியாதைச் சொல். மலையாள 'நிங்ஙள்' மூத்தோரிடம் சொன்னால் மரியாதைக் குறைவாகப் படலாம். ஆகவே மலையாளம் பேசுவோர் 'சேச்சி', 'அம்மே' போன்ற உறவுச் சொல்லாலோ பெயராலோ விளிப்பர். நேர்காணலை எழுதுவோர் ஒரு மொழியின் முன்னிலையை மற்றதில் அப்படியே வைத்தால், வினா தொடங்கும் முன்பே உறவு பழுதுபடும்.

6. சொல்லுக்கு அப்பால்

சொற்பொருளைவிட நுண்ணியது வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக நின்று சினம் கொள்வதாக எழுதப்படும் ஒரு கூற்றைத் தமிழில் இருவகையாகப் பெயர்க்கலாம். 'எனக்குச் சட்டென்று கோபம் வரும்' என்பது ஒன்று; 'நான் சட்டென்று கோபப்படுவேன்' என்பது மற்றொன்று. முன்னதில் அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். கோபம் அவரிடம் வருகிறது. பின்னதில் அவரே எழுவாய். கோபம் அவர் செயல். பேச்சுத் தமிழும் மலையாளமும் முன்னதையே மிகுதியும் விரும்பும். உளவளத்துணையில், தன் உணர்ச்சிக்குத் தானே பொறுப்பேற்கிறாரா என்பது முக்கியமான குறிப்பாகக் கொள்ளப்படுகிறது. மொழியின் இலக்கணத்தை அறியாத ஆலோசகர், நான்காம் வேற்றுமையைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் மனப்பாங்காகப் படித்துவிடக்கூடும்.

எதிர்மறைக் கூற்றுகள் அடுத்த சிக்கல். 'நான் எளிதில் அஞ்சுவதில்லை' என்பதற்கு அஞ்சாதவர் என்ன விடை தருவார்? கூற்றோடு உடன்பட்டு 'ஆம்' எனலாம்; கூற்றின் எதிர்மறையை எதிரொலித்து 'இல்லை' எனலாம். பேச்சுத் தமிழில் இரண்டும் இயல்பே. மலையாளம் 'அல்ல', 'இல்ல' என இருவகை மறுப்பைப் பேச்சிலும் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய பேச்சுத் தமிழில் 'இல்லை' என்பதே பெரும்பாலும் இரண்டின் பணியையும் ஏற்றுள்ளது. மலையாள வினாத்தாளின் விடைக்கட்டங்களைத் தமிழுக்கு நேராக மாற்றும்போது இவ்வேறுபாடு மறைந்து, மதிப்பெண் தலைகீழாகும் வாய்ப்பு உண்டு. எண்ணும் கருவி இதைப் பிழையென்று காணாது. முரண்பட்ட விடை தருபவர் என்று அந்த ஆளையே குறித்து வைக்கும்.

மூன்றாவது, இரட்டை வழக்கு. எழுத்துத் தமிழில் அமைந்த கூற்று பள்ளித்தேர்வை நினைவூட்டும். அதற்குச் 'சரியான விடை' தேடும் மனநிலை எழும். பேச்சு வழக்கில் எழுதினால் அது எந்த ஊர்ப் பேச்சு என்னும் கேள்வி எழும். மதுரைப் பேச்சில் அமைந்தது சித்தூருக்குப் பொருந்தாது. அட்டப்பாடியின் இருளர் மொழிக்கும், இடுக்கியின் முதுவான் பேச்சுக்கும், இவை தமிழோடு நெருங்கிய உறவுடையன எனினும், தமிழக அளவையை அப்படியே கொண்டு செல்ல இயலாது.

நான்காவதாகக் குணச்சொற்களின் வடிவம். ஆங்கிலத்தில் பெயரடையாக நிற்பன தமிழில் பெரும்பாலும் பால்காட்டும் பெயர்களாக நிற்கின்றன: முன்கோபி, பிடிவாதக்காரன், பிடிவாதக்காரி, வாயாடி, அழுத்தக்காரர். ஒரே குணம் ஆண்பாலில் உறுதியாகவும் பெண்பாலில் அடாவடியாகவும் ஒலிக்கும். தமிழ்க் குணச்சொற்களைத் தொகுத்து ஆராய்வோர் இப்பால்வேறுபாட்டை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

7. 'ஆளுமை' என்னும் சொல்லும் பணியாளர் மேம்பாடும்

அளக்கப்படும் பொருளின் பெயரே ஆய்வுக்குரியது. இந்தி, கன்னடம், மலையாளம் ஆகியவை 'வியக்தி' என்னும் சொல்லடியாக 'வியக்தித்வம்' என வழங்குகின்றன; தனியாள் தன்மை என்பதே அதன் பொருள். தமிழ் 'ஆளுமை' என்பதைத் தேர்ந்தது. 'ஆள்' என்பது பெயராயின் மனிதர். வினையாயின் ஆட்சி செய்தல். 'ஆள்' என்பதோடு 'மை' விகுதி புணர்ந்தால் மரபுப்படி 'ஆண்மை' என்றாகும்; வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை ஆகியவை அவ்வாறு அமைந்தவை. உகரம் இடையிட்டு 'ஆளுமை' ஆனபோது 'ஆண்மை'யின் ஒலி நீங்கியது. ஆட்சியின் சாயல் நீங்கவில்லை. பெரும்புகழ் பெற்றவரை 'பெரும் ஆளுமை' என்று கூறும் இன்றைய வழக்கு இதைக் காட்டும்.

இச்சாயல் பணியாளர் மேம்பாட்டில் விளைவை உண்டாக்குகிறது. 'ஆளுமை வளர்ச்சி' என்னும் பயிற்சித் தலைப்பைக் கேட்பவர், பிறர்மேல் செல்வாக்குச் செலுத்தும் திறனைப் பெறுவதாகவே எண்ணுவர். அளவையியலில் ஆளுமை என்பது எல்லாரிடமும் உள்ளது. சிலரிடம் மிகுந்தும் சிலரிடம் குறைந்தும் இருப்பதன்று. மயர்ஸ், பிரிக்ஸ் ஆகியோர் வகுத்து 1962இல் முதன்முதல் வெளியான வகைப்பாட்டுக் கருவி மனிதரை 16 வகைகளாகக் கொள்ளும். எந்த வகையும் உயர்ந்ததன்று என்பதும், ஆளெடுப்புக்கு அதைப் பயன்படுத்தலாகாது என்பதும் அதன் வெளியீட்டாளரின் நெறி. தமிழில் 'உங்கள் ஆளுமை என்ன' என்று கேட்கும்போது இந்நெறி சொல்லிலேயே நழுவிவிடுகிறது.

மூணாறு இதற்கு ஒரு சிந்தனைக் களம் தருகிறது. 2005இல் டாடா தேயிலை நிறுவனம் அங்குள்ள பெரும்பாலான தோட்டங்களிலிருந்து விலக, தொழிலாளரும் பங்குதாரராக அமைந்த கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் உருவாயிற்று. 2015 செப்டம்பரில் அங்குத் தமிழ்ப் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து, ஊக்கத்தொகை குறைக்கப்பட்டதை எதிர்த்துப் போராடினர். 'பெம்பிளை ஒருமை' என்பது அவ்வெழுச்சியின் பெயர். 'ஒருமை' என்பது பள்ளி இலக்கணத்தில் பன்மைக்கு எதிர்ச்சொல். மலையாள வழக்கிலும் எல்லைத் தமிழிலும் ஒற்றுமை. அப்பெயரே எல்லைத் தமிழில் பிறந்தது. ஆளுமை வினாநிரலின் கூற்றுகளோ ஏறத்தாழ அனைத்தும் 'நான்' என்று தொடங்குவன. தனித்துக் கேட்டால் 'நான் பிறரை வழிநடத்துவேன்' என்பதற்கு 'இல்லை' என்றே குறியிடக்கூடிய ஒருவர், 'நாங்கள்' என்னும் நிலையில் வழிநடத்தக்கூடும். அத்திறன் தன்மை ஒருமையில் எழுதப்பட்ட உருப்படியில் அகப்படாது. மேற்பார்வைப் பணிக்கோ பயிற்சிக்கோ ஆளைத் தேர்வோர் இத்தகைய தாளை மட்டும் நம்பினால், கண்முன் நிற்கும் திறனைக் காணத் தவறுவர்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

(1) ஆளுமை அளவையின் மொழிபெயர்ப்பாளர் கருவியின் இணையாசிரியர். அவர் தேரும் வேற்றுமை உருபும் எதிர்மறை வடிவமும் மதிப்பெண்ணை மாற்றவல்லன. எனவே மதிப்பெண்ணைப் பயன்படுத்துவோர் தமிழ் வடிவம் யாரால், எவ்வூர் வழக்கில், யாரிடம் சோதித்து ஆக்கப்பட்டது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

(2) எல்லைப் பகுதிக்கென அமையும் அளவையில், இரு மொழிகளிலும் பொருள் வேறுபடும் சொற்களை முதலிலேயே களைய வேண்டும். 'விஷமம்', 'விகாரம்', 'அவசரம்', 'அபிமானம்' போன்றவற்றுக்கு மாற்றாக வருத்தம், உணர்ச்சி, வாய்ப்பு, தன்மதிப்பு எனத் தெளிந்த சொற்களை இட்டு, அவை அங்குள்ளோர்க்குப் பழக்கமானவையா எனக் கேட்டறிய வேண்டும். எதிர்மறைக் கூற்றுகளை இயன்றவரை உடன்பாடாக்க வேண்டும்.

(3) விடைப்படிச் சொற்களைக் கோட்டில் இடக்குறித்துத் தேரும் முறையை ஒவ்வொரு வட்டார வழக்குக்கும் மேற்கொள்வது அரிதன்று. சிறு குழுவைக் கொண்டே செய்யலாம்.

(4) தனி வினாநிரலைவிட, விளக்கம் கேட்க இடமளிக்கும் நேர்காணல் இப்பகுதிக்கு ஏற்றது. ஐயத்துக்குரிய விடைக்கு 'எப்போது அப்படி இருந்தது, சொல்லுங்கள்' என ஓர் எடுத்துக்காட்டுக் கேட்பது, பல உருப்படிகளைக் கூட்டுவதினும் பயன் தரும்.

சித்தூரின் தமிழ்வழிப் பள்ளி மாணவருக்கும், தேவிகுளத்துத் தோட்டத்துப் பெண்ணுக்கும் ஆளுமை அளவையின் முடிவு ஒரு தாளில் எண்ணாக வரும். அவ்வெண் அவர்தம் மருத்துவ ஏட்டிலோ பணிப்பதிவிலோ நெடுங்காலம் தங்கும். அதில் ஒரு பகுதி அவருடையதன்று, பெயர்த்தவருடையது என்பதை எடுத்துக்காட்டும் பொறுப்பு மொழியியலாரைச் சாரும். மனநலத் துறையினரும் மொழியியலாரும் கூடிச் செய்ய வேண்டிய இப்பணிக்கு எல்லைத் தமிழ் ஒரு நல்ல தொடக்கக் களமாக அமையும்.